கோஸ்லாவின் கூட்டில் யாருக்கெல்லாம் இடம்?

புதுதில்லி:

தெற்கு தில்லியில் ஒரு காலி மனை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத் தலைவர், வாழ்நாள் சேமிப்பைத் திரட்டி 30 லட்சம் ரூபாய் கொடுத்து அதை வாங்குகிறார். சில நாட்களில் மனையைச் சுற்றிச் சுவர் எழும்பிவிடுகிறது. எழுப்பியவர் நகரின் பெரிய மனை வணிகர். இடத்தைக் காலி செய்ய அவர் கேட்கும் விலை 15 லட்சம். காவல் நிலையம், வழக்கறிஞர், அரசியல்வாதி என்று எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்த குடும்பம், ஏமாற்றியவரையே ஏமாற்றி மனையை மீட்கிறது.

2006 செப்டம்பர் 22 அன்று வெளியான 'கோஸ்லா கா கோஸ்லா' என்ற இந்திப் படத்தின் கதை இதுதான். தலைப்புக்கு 'கோஸ்லாவின் கூடு' என்று பொருள். திபாகர் பானர்ஜி இயக்கிய முதல் படம்; கதை, வசனம் ஜெய்தீப் சாஹ்னி. பெரிய நட்சத்திரங்கள் இல்லாததால் வெளியிட ஆளின்றிக் காத்திருந்த இப்படம், 54வது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இந்திப் படமாகத் தேர்வு பெற்றது. 2024 அக்டோபரில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது.

குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கும் மோசடிக் கதையில் அரசியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் ஒரு குடும்பம் தன் சொத்தை மீட்கத் திட்டம் தீட்டும்போது, அந்தத் திட்டத்தில் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது, யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பது சமூகத்தின் படம்தான். சிறுபான்மையினர், பெண்கள், தலித்துகள் ஆகியோருக்குத் திரையில் கிடைக்கும் இடம் குறித்த விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, வந்தவர்களுக்குக் கதை என்ன வேலை கொடுக்கிறது என்பதே முக்கியம். இந்தச் சோதனையில் 'கோஸ்லா'வுக்குப் பாதி வெற்றி, பாதித் தோல்வி.

பெயரை மறைக்கும் பிள்ளை

கமல் கிஷோர் கோஸ்லாவாக அனுபம் கேரும், மனையைப் பறிக்கும் கிஷன் குராணாவாக போமன் இரானியும் நடித்தனர். கோஸ்லா, குராணா இரண்டுமே பஞ்சாபிக் குடும்பப் பெயர்கள். தில்லியில் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் தில்லியில் குடியேறினர். 1941ல் சுமார் 9 லட்சமாக இருந்த நகரின் மக்கள் தொகை 1951ல் 17 லட்சத்தைத் தாண்டியது. லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் போன்ற குடியிருப்புகள் அவர்களுக்காக எழுந்தவை. வீட்டை விட்டு வெறுங்கையோடு வந்த தலைமுறையின் பிள்ளைகளுக்குச் சொந்த மனை என்பது சேமிப்பைவிடப் பெரிய விஷயம். படம் 1947ஐப் பற்றியதல்ல. எனினும் கோஸ்லாவின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டு உதவுகிறது.

இளைய மகன் கணினிப் பொறியாளர். அமெரிக்கா செல்லத் துடிப்பவர். தந்தை வைத்த பெயர் சிரோஞ்சிலால். பழைய வாடை வீசும் அந்தப் பெயரை உதறிவிட்டு 'செரி' என்று அவர் வலம் வருகிறார். தாராளமயம் வந்து பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்த தலைமுறையின் வெட்கத்தை ஒரே பெயரில் அடக்கிக் காட்டியது அக்காலத்தில் புதிது. வெளிநாட்டு மாளிகைகளிலும் பண்ணை வீடுகளிலும் திருமணக் கொண்டாட்டம் நடத்திக்கொண்டிருந்த இந்தித் திரை, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தில்லிவாசியை நெடுநாளைக்குப் பிறகு கதையின் நடுவில் வைத்தது. அந்த வகையில் ஒரு வர்க்கத்துக்குக் கிடைத்த பிரதிநிதித்துவம் அது.

கடவுச்சீட்டுத் தரகர் ஆசிப்

செரிக்கு அமெரிக்கப் பயணத்துக்கான ஆவண வேலைகளை முடித்துத் தருபவர் ஆசிப் இக்பால். வினய் பாடக் ஏற்ற பாத்திரம். வாய்ச்சாதுரியமும் நகரத்தின் சந்துபொந்துகள் பற்றிய அறிவும் கொண்ட தில்லித் தரகர். குராணாவோடு அவருக்கும் தீராத பழைய கணக்கு ஒன்று உண்டு. சட்டத்தின் வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு, மாற்றுத் திட்டத்தை நடத்திக் கொடுப்பவர் அவரே.

படம் வெளியான காலத்தைக் கருத்தில் கொண்டால்தான் இந்தப் பாத்திரத்தின் எடை விளங்கும். 2006 ஜூலை 11 அன்று மும்பைப் புறநகர் ரயில்களில் தொடர் குண்டுகள் வெடித்தன. செப்டம்பர் 8 அன்று மாலேகானில் தொழுகைக்குக் கூடியவர்கள் குண்டுவெடிப்பில் பலியானார்கள். மாலேகானில் பலியானவர்களும் முஸ்லிம்கள். முதலில் கைது செய்யப்பட்டவர்களும் முஸ்லிம்கள். அவ்வாறு கைதானவர்கள் மீதான வழக்கிலிருந்து நீதிமன்றம் அவர்களை விடுவிக்க 2016 வரை ஆனது. அதே ஆண்டு மே மாதம் வெளியான 'ஃபனா' படத்தின் நாயகன் காதலன் வேடத்தில் திரியும் பயங்கரவாதி. முஸ்லிம் பெயர், கடவுச்சீட்டு, பெயர் மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே காட்சியில் சேர்ந்தால் அன்றைய ரசிகர் அடுத்து எதை எதிர்பார்ப்பார் என்பது சொல்லாமலே விளங்கும்.

'கோஸ்லா' அந்த எதிர்பார்ப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆசிப் கவ்வாலி பாடுவதற்காகவோ, நண்பனுக்காக உயிரை விடுவதற்காகவோ, நாட்டுப்பற்றுக்குச் சான்று காட்டுவதற்காகவோ படத்துக்குள் கொண்டுவரப்படவில்லை. கடவுச்சீட்டு வேலை பார்க்கும் அவர் கடவுச்சீட்டு வேலை பார்ப்பவர் மட்டுமே. செரிக்கு அவர் மீது வரும் நம்பிக்கைக்கும் மத நல்லிணக்க வசனம் தேவைப்படவில்லை. இருவரும் ஒரே ஆளால் பாதிக்கப்பட்டவர்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

ஓர் எதிர்வாதம் உண்டு. நேர்மையான இந்துக் குடும்பத்துக்குக் குறுக்கு வழி காட்டுபவராக முஸ்லிம்தான் வேண்டுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படத்தில் மோசடி ஒரு சமூகத்தின் சொத்தல்ல. மனையைப் பறிக்கும் குராணா, துணை போகும் தரகர், பாராமுகமாக இருக்கும் காவல்துறை என்று நகரமே அதில் கூட்டு. மூத்த மகன் பண்ட்டி மல்லர்களைத் திரட்டிச் சென்று மனையைக் கைப்பற்ற, மறுநாள் காவல் நிலையத்தில் அடைபடுபவர் சட்டப்படி உரிமையாளரான கோஸ்லா. இப்படிப்பட்ட ஊரில் ஆசிப் காட்டும் வழிதான் நேர்வழி என்ற முடிவுக்குப் பார்ப்பவரைப் படம் கொண்டுவருகிறது.

எனினும், மீட்கப்படும் கூடு கோஸ்லாவினுடையது. ஆசிப்புக்கு நகரில் எங்கே இடம் என்பது படத்தின் கேள்வியாக எழவில்லை. படம் வெளியான இரண்டு மாதங்களில் அந்தக் கேள்வி நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2006 நவம்பர் 30 அன்று தாக்கல் செய்யப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை, மக்கள் தொகையில் 13.4 சதவீதமாக உள்ள முஸ்லிம்கள் இந்திய ஆட்சிப் பணியில் 3 சதவீதமும், காவல் பணியில் 4 சதவீதமும் மட்டுமே இருப்பதைப் பதிவு செய்தது. விரும்பிய பகுதியில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முஸ்லிம்கள் படும் பாட்டையும் அது குறிப்பிட்டது. கோஸ்லாவின் மனையைச் சுற்றி எழுந்தது செங்கல் சுவர். ஏமாற்றியாவது அதை அகற்ற முடிந்தது. ஆசிப் போன்றவர்களைச் சுற்றியுள்ள சுவருக்குக் குராணா என்று ஒற்றை முகவரி கிடையாது.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்

வீடு இழக்கும் முஸ்லிம் குடும்பத்தின் கதையை இந்தித் திரை முன்பே சொல்லியிருக்கிறது. 1973ல் எம்.எஸ். சத்யு இயக்கிய 'கரம் ஹவா', ஆக்ராவில் காலணி உற்பத்தி செய்யும் சலீம் மிர்சாவின் கதை. பல்ராஜ் சாஹ்னி ஏற்ற மிர்சா பாகிஸ்தான் போக மறுக்கிறார். ஆனால் குடும்ப மாளிகை புலம்பெயர்ந்துவிட்ட அண்ணன் பெயரில் இருந்ததால், 'வெளியேறியோர் சொத்து' என்று கைவிட்டுப் போகிறது. அதைப் பெறும் சிந்தி அகதி வணிகர் நல்ல மனிதர். அவரும் எல்லைக்கு அப்பால் வீடு இழந்து வந்தவர்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் உண்மை புலப்படும். மிர்சாவின் வீட்டைப் பறித்தது சட்டம். கோஸ்லாவின் மனையைப் பறித்தவரிடம் சட்டம் வாய்மூடி நின்றது. முன்னது சோகப் படம், பின்னது நகைச்சுவை. திட்டம் தீட்டி மீட்கும் வாய்ப்பு கோஸ்லாவுக்கு இருந்தது, மிர்சாவுக்கு இருக்கவில்லை. சிரிப்பில் முடியும் கதை யாருக்கு வாய்க்கும் என்பதும் பிரதிநிதித்துவத்தின் ஒரு பகுதியே.

நாடகக் குழுவும் பெண்களும்

குராணாவை வீழ்த்தும் சூழ்ச்சி முழுக்க ஒரு நாடகம். செரியின் காதலி மேக்னா மேடை நடிகை. அவருடைய குழுவின் மூத்த கலைஞர் பாபு, துபாயிலிருந்து வந்த செல்வந்தராக வேடம் கட்டுகிறார். நவீன் நிச்சல் அந்த வேடத்தில் தோன்றினார். 'விற்பனைக்கு' வைக்கப்படும் பெரிய நிலம் உண்மையில் அரசின் மீன்வளத் துறைக்குச் சொந்தமானது. பேராசையில் குராணா முன்பணம் கொடுக்கிறார். அவர் கேட்ட 15 லட்சத்தை அவரிடமிருந்தே கறந்த பணத்தில் கட்டி, குடும்பம் மனையை மீட்டுக்கொள்கிறது.

சூழ்ச்சிக்குத் தேவையான ஆட்களும் பயிற்சியும் மேக்னா வழியாகவே வருகின்றன. தாரா சர்மா ஏற்ற இந்தப் பாத்திரம் நாயகனுக்குப் பாட்டுத் துணையாக மட்டும் நிற்கவில்லை. தொழில் தெரிந்த பெண்ணாகச் சூழ்ச்சியில் பங்கேற்கிறது. வீட்டிலிருக்கும் பெண்களின் நிலை வேறு. தாயாக வரும் கிரண் ஜுனேஜாவும் மகள் நிக்கியும் உயிருள்ள மனிதர்கள். பேச்சும் எரிச்சலும் அன்பும் உண்டு. ஆனால் வாழ்நாள் சேமிப்பை எதில் போடுவது, பறிபோனதை எப்படி மீட்பது என்ற இரு பெரிய முடிவுகளிலும் அவர்கள் கை ஓங்கவில்லை. நாட்டில் பெரும்பாலான வீடுகளின் நிலையும் அதுதான் என்பதால் இது பொய்யல்ல. அதைக் கேள்விக்கு உட்படுத்தாமல் படம் கடந்து போகிறது என்பதே குறை.

சட்டகத்துக்கு வெளியே

படத்தில் இல்லாதவர்களின் பட்டியல் நீளமானது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியின் 1.68 கோடி மக்களில் 16.75 சதவீதத்தினர் தலித்துகள். முஸ்லிம்கள் 12.86 சதவீதம். நகரை ஒவ்வொரு நாளும் கூட்டிப் பெருக்கியும் கட்டியும் வாழ்பவர்களில் பெரும் பகுதியினர் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கோஸ்லாவின் மனையில் ஒரே இரவில் யாரோ சுவர் எழுப்புகிறார்கள். பிறகு யாரோ இடிக்கிறார்கள். செங்கல் சுமந்த அந்தக் கைகளுக்கு நகரில் மனை உண்டா என்று கதை கேட்கவில்லை.

அந்த ஆண்டு தில்லியில் நிலத்தகராறு திரைக்கு வெளியே குருதி சிந்த வைத்துக்கொண்டிருந்தது. 2004ல் யமுனைக் கரையில் புஷ்தா குடிசைப் பகுதிகள் தகர்க்கப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்களில் ஒரு பகுதியினர் நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள பவானாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 2006ல் பிரகதி மைதானத்தை அடுத்த நங்லா மாஞ்சி இடிக்கப்பட்டது. குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 'சீல்' வைக்கப்பட்டதை எதிர்த்து நகரெங்கும் போராட்டம் வெடித்தது. செப்டம்பர் 20 அன்று, சிறுபட்டறைகளும் முஸ்லிம் உழைப்பாளர்களும் நிறைந்த சீலம்பூரில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்ப்பலி நேர்ந்தது. அதற்கு இரண்டாம் நாள் 'கோஸ்லா' திரைக்கு வந்தது.

முன்கூட்டியே முடிந்த படத்திடம் அந்த வாரத்தின் செய்தியைத் தேடுவது முறையல்ல. ஆனால் நகரத்தின் நில அரசியல் அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. 1957ல் அமைக்கப்பட்ட தில்லி வளர்ச்சி ஆணையம் நகரின் நிலத்தைப் பெருமளவில் தன் கையில் வைத்திருந்தும், தேவைக்கேற்ற வீடுகள் உருவாகவில்லை. ஏழைகளும் கீழ்நடுத்தர வர்க்கத்தினரும் அங்கீகாரமற்ற குடியிருப்புகளை நாடினர். 1,731 குடியிருப்புகளில் வாழ்வோருக்குச் சொத்துரிமை அளிக்கும் சட்டம் 2019ல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பத்திரம் கையிலிருந்தும் மனையை இழந்தவர் கோஸ்லா. பத்திரமே இல்லாமல் பல லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. மீன்வளத் துறையின் நிலத்தைச் சூழ்ச்சியாளர்கள் 'விற்கும்'போது திரையரங்கம் சிரிக்கிறது. அரசு நிலத்தில் குடிசை போட்ட ஏழையைத் தேடி வருவது இயந்திரம்.

எண்ணிக்கை போதுமா?

இதற்கு நேர்மாறான உதாரணத்துக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. 2014 அக்டோபரில் வெளியான 'ஹேப்பி நியூ இயர்' துபாயில் வைரக் கொள்ளை நடத்தும் கூட்டத்தின் கதை. ஃபரா கான் இயக்கம். ஷாருக் கான் நாயகன். கூட்டத்தில் பார்சி உண்டு, ஒரு காது கேளாதவர் உண்டு, வலிப்பு வருபவர் உண்டு, மராத்திப் பெண்ணான மதுக்கூட நடன மங்கை உண்டு. பட்டியலாகப் பார்த்தால் பன்முகத்தன்மைக்குக் குறைவில்லை. ஆனால் காது கேளாமை ஒரு நகைச்சுவைத் துணுக்கு, வலிப்பு இன்னொன்று, பெண்ணின் ஆங்கில மோகம் மற்றொன்று. குராணாவாக நடித்த அதே போமன் இரானிக்குத்தான் அதில் பார்சி வேடம். ஆள் உள்ளே வருகிறார். அவருடைய வேறுபாடு மட்டுமே அவருக்கு வேலையாகிறது. ஆசிப்புக்கு நேராத அவமதிப்பு அது.

எழுத்தாளர் சாஹ்னியே அடுத்த அடியை எடுத்து வைத்தார். 2007 ஆகஸ்டில் வெளியான 'சக் தே இந்தியா'வின் கதை, வசனமும் அவருடையவை. 'கோஸ்லா'வில் இடம் கிடைக்காத பலர் அதில் களத்துக்கு வந்தனர். துரோகிப் பட்டம் சுமந்த முஸ்லிம் ஆட்டக்காரர் பயிற்சியாளராகிறார். ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண்கள், வடகிழக்கு மாநிலப் பெண்கள், ஹரியாணா, பஞ்சாப் பெண்கள் ஒரே அணியில் ஆடுகிறார்கள். வடகிழக்கிலிருந்து வந்தவர்களைச் சொந்த நாட்டிலேயே விருந்தாளி என்று வரவேற்கும் வழக்கத்தைப் படம் முகத்துக்கு நேராகக் கேட்டது. ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தில் ஓர் இடமும் செய்ய ஒரு காரியமும் இருந்தன. கோல் அடிக்கும்போது அவர்கள் மாநிலத்தின் மாதிரிப் பொம்மைகளாக நிற்கவில்லை.

சென்னைக்கு வந்த கூடு

'கோஸ்லா' தமிழுக்கும் வந்தது. 2008ல் விஜய் இயக்கிய 'பொய் சொல்லப் போறோம்', கதையைச் சென்னைக்கு மாற்றியது. தந்தையாக நெடுமுடி வேணு, மனையைப் பறிப்பவராக நாசர். தில்லியின் பஞ்சாபித் தந்தைக்குச் சென்னையில் ஒரு மலையாள நடிகர் உயிர் கொடுத்தார். இந்தியில் மும்பைப் பார்சியான போமன் இரானி தில்லிப் பஞ்சாபி வணிகராகப் பொருந்தியது போன்றதுதான் இது. பிறந்த மாநிலமும் மதமும் நடிகருக்கு வேலியாகக் கூடாது என்பதற்கு இரண்டு படங்களும் சான்று. கதை இத்தனை எளிதாக ஊர் மாறியதற்குக் காரணம் கசப்பானது. மனையைச் சுற்றி இரவோடு இரவாகச் சுவர் எழுவதும், புகாரைக் காவல் நிலையம் வாங்க மறுப்பதும் எந்தப் பெருநகருக்கும் மொழிபெயர்ப்பு இன்றியே விளங்குபவை.

ஒரு நகைச்சுவைப் படம் நாட்டின் எல்லாப் பிரிவினரையும் சுமக்க வேண்டும் என்று கோருவது அதற்கு இழைக்கும் அநீதி. வேண்டாத இடத்தில் சேர்க்கப்படும் பாத்திரம், ஒதுக்கீட்டை ஏளனம் செய்வோருக்கே பயன்படும். அதே வேளையில் 'கதைக்குத் தேவைப்படவில்லை' என்ற பதிலும் முழுமையானதல்ல. யாருடைய இழப்பு கதையாகிறது என்பதை முடிவு செய்யும் இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே தேவை உருவாகிறது.

ஆசிப் இக்பாலைப் போன்ற ஒருவரைச் சந்தேகமும் சலுகையும் இன்றி, ஒரு குடும்பத்தின் அருகில் உட்கார வைத்தது 2006ன் இந்தித் திரைக்குச் சிறிய காரியமல்ல. அந்தக் குடும்பம் மனையை மீட்டுக்கொண்டது. அடுத்த கதை ஆசிப்பின் மனையைப் பற்றியதாக, அல்லது சுவருக்குச் செங்கல் சுமந்தவரின் மனையைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவர்களும் திட்டம் தீட்ட வேண்டும். குராணாக்களை ஏமாற்ற வேண்டும். கடைசிக் காட்சியில் திரையரங்கத்தோடு சேர்ந்து சிரிக்க வேண்டும்.